கரும்புச்சாறு புளித்த நாள்

செஞ்சியில் பொழுது இரண்டு முறை சாயும். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற நேரம் ஒன்று. அதற்கு அரைமணி முன்பே சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் போய்விடும், அது இன்னொன்று. சமணக் குடும்பங்களில் இருட்டின பிறகு சாப்பிட மாட்டார்கள். எங்கள் அம்மா அதிலும் ஒரு படி மேலே. பஞ்சாங்கமெல்லாம் அவளுக்குக் கணக்கே இல்லை. மலை மறைத்ததும் அடுப்பை அணைத்து, சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அதற்கப்புறம் யார் கேட்டாலும் தண்ணீர்தான். நைனாவே ஒருநாள் கடலை மண்டியிலிருந்து கால்மணி பிந்தி வந்து பட்டினியாகப் படுத்திருக்கிறார்.

வருஷம் அறுபத்துமூன்றோ அறுபத்துநாலோ, எனக்கு இருபத்துமூன்று வயது. ஊரிலேயே ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. வீட்டில் நைனா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒன்று சொல்லித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கறுப்பு, அதோடு வாய் வேறு. அம்மா கவலைப்பட்டாள், நான் படவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் பக்கத்து ஊரான வல்லத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. தெற்கத்திக்காரன், எங்கள் மதமும் இல்லை. செஞ்சியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தான். பள்ளியின் மதிய உணவுப் பதிவேட்டைப் பார்க்க வந்தவன், பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இந்தக் கையெழுத்து யாரோடது? அச்சு மாதிரி இருக்கே" என்றான். இதற்கா மயங்கினாய் என்று கேட்டால், ஆமாம், இதற்குத்தான். அதுவரைக்கும் என்னில் ஒன்று அழகாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. வெட்கங்கெட்டுப்போய்ச் சொல்கிறேன், அன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டு முழுக்க அர்த்தமே இல்லாமல் எழுதிப் பார்த்தேன்.

ஆணும் பெண்ணும் நின்று பேசக்கூடிய இடம் அந்தக் காலத்தில் செஞ்சியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நூலகம். அங்கேயும் பேசக் கூடாது என்று பலகை தொங்கும். பள்ளி விட்டு நாலரை மணிக்கு நான் போய்விடுவேன். அவன் பஸ் ஐந்தரைக்கு வரும். அலமாரிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் புத்தகங்கள். பத்து நிமிடம் பேசுவோம். அந்தப் பத்து நிமிடத்துக்காக மீதி நாள் முழுவதையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் பொழுது சீக்கிரம் சாய்கிற ஒரு நாள். ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்ததும், "நான் போகணும், மலை மறைக்கப் போவுது, அம்மா அடுப்ப அணைச்சிடுவாங்க" என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"போ போ. நான் நாள் முழுக்க இதுக்காகக் காத்துக்கிட்டு, பஸ்ல நசுங்கி வர்றேன். உனக்குச் சோறுதான் முக்கியம்."

"அப்படி இல்லீங்க..."

"எனக்காக ஒரு வேளைச் சோத்த விட முடியாதா உன்னால?"

விட முடியும் என்றேன். அன்றைக்கு விட்டேன். மறுநாளும் விட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு ஒரு வேளைச் சோறு என்ன, மூன்று வேளையும் விடலாம் என்றிருந்தது. பசியே தெரியவில்லை. வயிறு காய்ந்து படுத்தால் அவனோடு படுத்திருப்பது மாதிரி ஒரு நினைப்பு. சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஒரு மாதம் இப்படி. பிறகு அவன் வராமல் இருக்க ஆரம்பித்தான். முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், ஒரு தடவை ஒன்பது நாள். ஏன் என்று கேட்டால், "சும்மா நச்சரிக்காத" என்பான். கேட்காமலிருந்தால், "என்ன ஆச்சுன்னு கூடக் கேக்கல பாத்தியா" என்பான். எது சொன்னால் அவன் முகம் மாறும், எது சொன்னால் மாறாது என்று வீட்டுப்பாடம் படிப்பது மாதிரி படித்துக்கொண்டு போவேன். ஆரம்பத்திலிருந்தே 'இன்னா' என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, பட்டிக்காட்டுப் பேச்சு என்பான். நான் வீட்டிலும் 'என்ன' என்றே பேச ஆரம்பித்தேன். அண்ணி விடுவாளா? "இன்னா டீச்சரம்மா, நாக்குல சுளுக்கா? ரேடியோ பேசற மாதிரி பேசற?" என்று சிரித்தாள்.

அவன் வராத நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே என்மேல் ஆத்திரம் வருகிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் கேட்டால் கையில் இருப்பது அப்படியே நின்றுவிடும். அடுத்து தெருவில் வருவது மாட்டு வண்டியாக இருந்தால் அவன் வருவான், சைக்கிளாக இருந்தால் வரமாட்டான் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொள்வேன். சைக்கிள் வந்தால், இது கணக்கில் சேராது என்று அடுத்ததைப் பார்ப்பேன். பள்ளியில் ஒருநாள், ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று பலகையில் எழுத்தை அழித்து அழித்து எழுதியது. ஓங்கி ஒன்று வைத்துவிட்டேன். அது அழவில்லை, திகைத்துப்போய் என்னைப் பார்த்தது. அந்தக் குழந்தை செய்த தப்பு, அந்த வாரம் அவன் வராததுதான். அதன் முகத்தை இத்தனை வருஷம் கழித்தும் நினைவில்கூட என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஒன்பது நாள் கழித்து வந்தபோது ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தான். "நீ இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்" என்று ஒரே வரி. அந்த ஒரு வரியைத் தின்றே இன்னொரு மாதம் உயிரோடு இருந்தேன்.

அவன் வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மணி வரைக்கும் நூலகத்தில்தான் கிடந்தேன். வீட்டுக்குப் போகும்போது பானை கவிழ்ந்திருக்கும். முதல் வாரம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம், கழுத்தெலும்பு தெரிகிறது என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏம்மா, சாயங்காலம் சாப்புடறதே இல்லியே நீ. எதுனா நோம்பு எடுத்துகினு இருக்கிறியா?"

"இல்லம்மா, பள்ளிக்கூடத்துல வேலை" என்று சொல்லியிருக்கலாம். எந்த வேலை என்று அடுத்த கேள்வி வரும். "மனசுல வேண்டிகினு எடுத்திருக்கேன். வெளிய சொல்லக் கூடாது" என்றேன். அப்போது மட்டும் 'என்ன' பாஷை மறந்துபோய் எங்கள் பேச்சு வந்துவிட்டது.

வேறு எந்தச் சாதிக்காரர் வீட்டிலாவது பெண் ராத்திரி சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போனால், பேய் பிடித்திருக்கிறது என்பார்கள், காமாலை என்பார்கள், யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுகூடச் சொல்வார்கள். எங்கள் வீட்டில், விரதம் என்று நம்பினார்கள். எங்கள் ஜனங்களுக்குப் பட்டினி என்றால் புண்ணியம். நோன்பிருந்தே உயிரை விட்ட முனிவர்களின் பெயர் கல்லில் வெட்டியிருக்கிற ஊர் இது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்தது. வாய் பேசுகிற, கறுப்பான, வரன் தகையாத பெண் இப்படி ஒரு காரியம் செய்கிறாளே என்று. வெளியே சொல்லக் கூடாது என்றேன் அல்லவா, ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கிழவிகள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அய்யோ, அந்தக் கண்றாவியை என்ன சொல்ல!

அண்ணி மட்டும் ஒருநாள் கிணற்றடியில் என் கையைப் பிடித்தாள். "நெசமா நோம்புதானா?" என்றாள். நான் கையை உதறிக்கொண்டு போனேன். அவள் பிறகு கேட்கவில்லை.

சித்திரை பிறந்தது. அட்சய திருதியை எங்களுக்குப் பெரிய நாள். முதல் தீர்த்தங்கரர் நெடுங்காலம் உணவில்லாமல் இருந்து, கடைசியில் கரும்புச்சாறு ஏற்று நோன்பு முடித்த நாள் அது. அன்றைக்கு என் நோன்பையும் முடித்துவைப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். முடித்துவைப்பதைப் பாரணை என்போம். முந்தின நாள் முழு உபவாசம், மறுநாள் காலை பத்து மணிக்குக் கோயிலில் தெருப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு கை கரும்புச்சாறு வார்ப்பார்கள். நைனா வல்லத்துப் பக்கத்திலிருந்து ஒரு கட்டுக் கரும்பு தருவித்தார்.

நான் பதறிப்போய் அவனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், விரதம் என்று ஊரே நம்புகிறது, பொய்யை வைத்துக்கொண்டு கோயிலில் உட்கார முடியாது என்று அழுதேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு என்ன தோன்றியதோ, "சரி. நான் நாளைக்கு ஊருக்குப் போயி அம்மாகிட்டச் சொல்லிட்டு, அன்னைக்குக் காலைப் பஸ்ல திரும்பிடறேன். நேரா வந்து உங்க நைனாகிட்டப் பேசறேன். போதுமா?" என்றான்.

போதுமாவா? அதற்குமேல் உலகத்தில் எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. நைனா வெட்டிப் போட்டாலும் போடட்டும், அவன் வந்து அத்தனை பேர் நடுவில் நின்றால் என் பொய் உண்மையாகிவிடும். நான் இருந்தது நோன்புதான் என்று ஆகிவிடும். அப்படி ஒரு கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று காலை பட்டுப்புடவை கட்டி மணையில் உட்காரவைத்தார்கள். முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை. பித்தளைத் தவலையில் சாறு பிழிந்து, துணியால் வடிகட்டி வைத்திருந்தது. பத்து மணி ஆயிற்று. காலைப் பஸ் வந்துபோன சத்தம் கேட்டது. அவன் வரவில்லை. ஒருவேளை முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு வருவான். பத்தரை. அடுத்த பஸ்ஸாக இருக்கும்.

"கை ஏந்தும்மா" என்றார் பூசை செய்கிறவர்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்" என்றேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிப் பஸ்ஸும் வந்து போயிற்று. கை ஏந்தச் சொன்னார்கள். "சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்" என்றேன். அதைக் கேட்டு ஒரு கிழவி, "இன்னா வைராக்கியம்! இந்தச் சின்ன வயசுல இன்னா வைராக்கியம்!" என்று விசும்பிவிட்டாள். ஒருவன் வரவில்லை என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறேன், எதிரில் இருபது பேர் கும்பிடுகிறார்கள். எழுந்து கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. கத்தினால் அவன் வரும்போது எல்லாம் கெட்டுப்போயிருக்குமே என்றுதான்.

அம்மா தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கவே இல்லை நான். வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குமேல் வெயிலில் சாறு நுரைத்து, புளித்த வாடை வர ஆரம்பித்தது. ஈ மொய்த்தது. ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மாலைப் பஸ்ஸும் வந்தது. அதிலும் இல்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று.

"பரவால்லம்மா. காலைல புதுசா புழிஞ்சிக்கலாம். எழுந்து வா" என்று சொல்லிக்கொண்டே அம்மா அந்தத் தவலையைத் தூக்கினாள், கொட்டிவிடுவதற்காக. நாலடி வைத்திருப்பாள். தவலை கீழே விழுந்து உருண்டது. அம்மா கொட்டின சாற்றின்மேலேயே சாய்ந்தாள்.

அண்ணிதான் ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். நான் பட்டுப்புடவையோடு மரம் மாதிரி நின்றேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே...

"அத்தை எத்தினி நாளா சாயங்காலம் சாப்புடறதில்ல தெரியுமா? நீ நோம்பு எடுத்த நாள்ல இருந்து. பொண்ணு வயிறு காயறப்ப எனக்கு எப்படி எறங்கும்னு தெனம் பானையக் கவுத்துட்டுப் படுப்பாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. நேத்துல இருந்து அவங்களும் தண்ணிகூடக் குடிக்கல. ஒரே வீட்டுல இருந்துகினு உனக்குக் கண்ணு தெரியலியா?"

தெரியவில்லை. தை, மாசி, பங்குனி, சித்திரை. நாலு மாதம் என் தாய் எனக்கு எதிரிலேயே பட்டினி கிடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அவனுடைய சட்டையில் ஒரு பித்தான் மாறியிருந்தால் தெரியும். இவளுடைய வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப்போனது தெரியவில்லை.

தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தோம். அம்மாவுக்குக் கண் திறந்தது. தண்ணீர் குடித்தாள். கஞ்சி வேண்டாம், பொழுது போய்விட்டது என்றாள். அந்த நிலையிலும்! நைனா கெஞ்சினார், அதட்டினார், கேட்கவில்லை. விடியட்டும் என்று காத்திருந்தோம். கீழ்வானம் வெளுத்ததும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா டம்ளரைக் கையில் வாங்கி, என் பக்கமே திருப்பி நீட்டினாள். "நோம்பு உன்னுது. மொதல்ல நீ முடி. அப்புறம் நான்."

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "நோம்பு இல்லம்மா" என்றேன். "எதுக்கும் வேண்டிக்கல. ஒருத்தனுக்காக நூலகத்துல போய் நின்னுகினு இருந்தேன். அவனப் பாத்துட்டு வரதுக்குள்ள தெனம் பொழுது போயிடும். அதான் சாப்புடல. நேத்து வந்து நைனாகிட்டப் பேசறேன்னு சொன்னான். அதுக்குத்தான் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு மாதப் பட்டினியும் யாரோ ஒருவனுக்குப் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன்.

"வந்தானா?" என்றாள்.

"வரலம்மா."

"சரி. ஆறிப்போவுது, குடி."

நான் குடித்தேன். மீதியை அவள் குடித்தாள். நைனாவிடம் அவள் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

இதோடு எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதினால் அது பெரிய பொய். டாக்டர் வந்து பார்த்து, அம்மாவுக்கு வயிற்றில் புண் என்றார், காரம் கூடாது, குழைந்த கஞ்சிதான் என்றார். அதைக் கேட்டு அழுத நான், ஐந்தாம் நாள் மறுபடி நூலகத்துக்குப் போனேன். கால் தானாகப் போயிற்று என்று சொல்லலாம், ஆனால் காலுக்கு என்ன தெரியும்? நான்தான் போனேன். போகும் முன்னால் ஒன்று நடந்தது. நாலே முக்காலுக்கே அம்மா இலை போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வேணா போ. சாப்ட்டுட்டுப் போ. நீ துன்னாத்தான் நான் கஞ்சி குடிப்பேன்" என்றாள். மிரட்டலே இல்லாமல்தான் சொன்னாள். நான் அள்ளி அள்ளி விழுங்கிவிட்டு ஓடினேன்.

அவன் வந்தான். அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பேசத் தோதுப்படவில்லை, அவசரம் என்ன என்றான். அன்றைக்கு வராததற்கு வருத்தமாக ஒரு வார்த்தை இல்லை. பிறகு புத்தகங்களுக்கு நடுவே குனிந்து, குரலைத் தழைத்துக்கொண்டு கேட்டான்.

"அன்னைக்கு நாள் முழுக்கச் சாப்பிடாமயா இருந்தே?"

"ஆமா."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். எனக்காகக் கவலைப்படுகிற முகம் இல்லை அது. விருந்து சாப்பிட்டு எழுந்தவன் முகம். "இன்னைக்கும் சாப்பிடாமத்தானே வந்திருக்கே?" என்றான்.

"இல்ல. சாப்ட்டுட்டு வந்தேன்."

"ஓ" என்றான். அவ்வளவுதான். கையிலிருந்த புத்தகத்தை அலமாரியில் வைத்தான், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான், வாசல் பக்கம் நடந்தான். நான் பின்னாலேயே போய், "நாளைக்குச் சாப்பிடாம வரேங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆமாம், சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வீட்டில் ஒருத்தி கஞ்சி குடிக்க மாட்டாள். அது ஒன்றுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மானமும் இல்லை, ரோஷமும் இல்லை, அதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

மறுநாள் நாலே முக்காலுக்கு அம்மா இலை போட்டாள். எனக்குச் சோறும் கீரையும், அவளுக்குக் கிண்ணத்தில் கஞ்சி. முதல் உருண்டை எடுக்கும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் கேட்டது. என் கை நின்றுவிட்டது. அம்மாவும் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் உருண்டையை வாயில் போட்டேன். கண்ணீரும் மூக்குமாய் இலையில் ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. மென்று விழுங்கினேன். அதன்பிறகுதான் அவள் ஒரு வாய் குடித்தாள். நாலு மாதமாக எங்கே போயிருந்ததோ, அன்றைக்கு எனக்குப் பசி வந்துவிட்டது, அப்படி ஒரு பசி. அழுகையும் நிற்கவில்லை, பசியும் நிற்கவில்லை. இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றேன்.